வெயிலுக்கு ஒரு சட்டம்

துறைமுகத்தின் பாரந்தூக்கிகளுக்கும் இரயில் பாதைக்கும் பக்கத்தில், தமிழர் கணிசமாக வாழும் பினாங்கு மாநிலத்துப் பாகான் டாலாமில் வெயிலுக்கு எந்த மாதமும் பஞ்சமில்லை. ஆயினும் அங்கே எரியும் விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரம், மலேசியத் தீபகற்பம் முழுவதிலும் போலவே, பெரும்பாலும் நிலக்கரியையும் இயற்கை வாயுவையும் எரித்தே உண்டாகிறது. சற்றுத் தெற்கே பிறையில் நிற்கும் மின்நிலையமும் வாயுவில் இயங்குவதுதான்.

புதுப்பிக்கத்தக்க சக்தியை ஐந்தாவது எரிபொருளாக அங்கீகரித்து, 2005க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 சதவீதத்தை அதிலிருந்து பெறுவதென்று சர்க்கார் 2001இல் சங்கற்பம் செய்துகொண்டது. மின்சாரத்தை வாங்குவது தெனாகா நேஷனல் என்ற மின் நிறுவனம் ஒன்றே என்றிருக்க, விலையும் பேரம் பேசித் தீர்க்க வேண்டியதாயிருந்தபடியால், முதல் போடத் துணிந்தவர் சிலரே. இலக்கு ஏட்டோடு நின்றது.

அந்தக் குறையைத் தீர்க்கவே 2011இல் புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம் பிறந்தது. அதை நிர்வகிக்க ‘செடா’ என்ற ஆணையமும் அமைந்தது. அவ்வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி முதல், வீட்டுக் கூரையில் நான்கு கிலோவாட்டுக்கு மிகாத சூரியத் தகடு பதித்தவரிடம் யூனிட் ஒன்றுக்கு 1 வெள்ளி 23 சென் வீதம், 21 வருஷங்களுக்கு மின்சாரத்தை வாங்கிக்கொள்ளத் தெனாகா கடமைப்பட்டது. அக்காலத்தில் அதே வீட்டுக்காரர் முதல் 200 யூனிட்டுக்குச் செலுத்திய விலையோ 21.8 சென்! சூரிய மின்சாரத்துக்கு ஒதுக்கிய அளவு ஒவ்வொரு முறையும் வெகு சீக்கிரத்தில் தீர்ந்துபோனதில் ஆச்சரியமில்லை.

இந்த உயர்ந்த விலைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதுதான் விஷயம். ஏனைய ஜனங்களின் மின்கட்டணத்தில் முதலில் 1 சதவீதமும், 2014 முதல் 1.6 சதவீதமும் பிடித்துச் சேர்த்த நிதியே அதைத் தாங்கிற்று. மாதம் 300 யூனிட்டுக்கு மேற்படாத வீடுகளுக்கு விலக்களித்தது நியாயமான ஏற்பாடே என்றாலும், குளிர்சாதனம் ஒன்றை வைத்துக்கொண்ட நடுத்தரக் குடும்பம் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். அத்தகைய குடும்பம் அடுக்குமாடியில் வாழ்ந்தால் தகடு பதிக்கச் சொந்தக் கூரையோ கிடையாது. கூரையும் கைம்முதலும் உடையவரின் இலாபத்துக்கு அவை இல்லாதவர் சந்தா கட்டினார் என்பது என் அபிப்பிராயம். எனினும், அந்தச் செலவு இல்லாதிருந்தால் தகடு பதிக்கும் தொழில் இங்கே இவ்வளவு விரைவில் வேரூன்றியிராது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பின்னர் சர்க்கார் வேறு வழிக்குத் திரும்பிற்று. 2016இல் தொடங்கிய நிகரக் கணக்கு முறையில், தன் தேவைக்கு மிஞ்சியதை மட்டும் மின்கம்பிக்கு அனுப்ப முடிந்தது. 2019 முதல், அனுப்பிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு யூனிட் கட்டணத்தில் கழிந்தது. அம்முறையின் மூன்றாம் கட்டமும் 2025 ஜூன் மாதத்தோடு முடிவுற்றது. இதில் பிறர் பில்லில் தனிவரி ஏறாதது நல்லதே. ஆனால் அடுக்குமாடிவாசியின் நிலை அதிகம் மாறிவிடவில்லை. அவர் தலைக்கு மேலுள்ள மொட்டைமாடி சட்டப்படி எல்லோருக்கும் பொதுச்சொத்து. நிர்வாகக் குழு இசைந்து அங்கே தகடு பதித்தாலும், அந்த மின்சாரம் நேராகப் பிரயோஜனப்படுவது லிஃப்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நடைவழி விளக்குகளுக்குமே அன்றி, அவருடைய சொந்த மீட்டருக்கு அன்று.