அட்டவணைவழிச் சோதனையும் துணைநூலகமும்

செய்நிரல் ஒன்றுக்குக் கொடுக்கும் உள்ளீட்டையும் அதற்குரிய சரியான விடையையும் நிரைநிரையாக எழுதி, எல்லா நிரைகளையும் ஒரே முறையிற் சோதிப்பது அட்டவணைவழிச் சோதனை எனப்படும். லீப் வருடம் என வழங்கும் நெட்டாண்டை உதாரணமாக நோக்குவோம். நான்கால் வகுபடுவது நெட்டாண்டு என்று மட்டும் கொண்ட செய்நிரல் 1901 தொடக்கம் 2099 வரை பிழையின்றி விடை கூறும். 2023, 2024, 2000 ஆகிய நிரைகள் அதன் குற்றத்தைக் காட்டமாட்டா. 1900 என்னும் நிரையே காட்டும். நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு நெட்டாண்டன்று. இது வெறும் பாடநூல் உதாரணமுமன்று. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருள் 1900ஐ நெட்டாண்டாகவே கொண்டது. அதனோடு இசைந்துசெல்லும் பொருட்டு எக்செல்லும் அப்பிழையை அறிந்தே ஏற்றுக்கொண்டது. நாட்காட்டியில் இல்லாத அந்தப் பெப்ரவரி 29 இன்றும் அதன் நாட்கணக்கில் உண்டு.

அட்டவணையில் அறிவு இருக்கின்றது. அதைச் சுற்றியுள்ள வேலையோ, நிரையை எடுத்தல், செய்நிரலை இயக்குதல், விடையை ஒப்பிடுதல், முரண்பாட்டை அறிவித்தல் என எங்கும் ஒன்றே. ஒவ்வொரு சோதனையிலும் இதனைப் படியெடுத்து எழுதுவது வீண் உழைப்பு. துணைநூலகத்திடம் விடவேண்டியது இப்பகுதியே. ஆனால் எந்த நிரை தவறியது என்பதை அது பெயர்சொல்லிக் கூறவேண்டும். கோ என்னும் செய்நிரலாக்க மொழியில், சோதனையை உடன் நிறுத்தும் கட்டளை ஒரு நிரையில் நிறைவேறினால் எஞ்சிய நிரைகள் சோதிக்கப்படாமலே போயின. 2016இல் வெளியான 1.7ஆம் பதிப்பு ஒவ்வொரு நிரையையும் தனிப்பெயருடைய உட்சோதனையாக இயக்க வழிசெய்தது. தவறிய நிரை மட்டுமே நின்றது. பைதன் மொழிக்குரிய பைடெஸ்ற் நூலகமும் நிரைகளைத் தனித்தனிச் சோதனைகளாகவே கொள்கின்றது.

துணைநூலகம் சிறிதாயிருத்தல் நன்று என்பது எமது கருத்து. "இந்நிரைக்கு மட்டும் வேறுவழி" என்ற நிரல்கள் அட்டவணையிற் பெருகுமாயின், அட்டவணையே எவரும் சோதியாத இன்னொரு செய்நிரலாகிவிடும். அவ்வேளை அதனை இரண்டாகப் பிரிப்பதே தகும்.

இதிற் சமூகப் பயனும் ஒன்றுண்டு. வோர்ட் கன்னிங்காம் 2002இல் உருவாக்கிய ஃபிற் என்னும் கருவி, செய்நிரலாளர் அல்லாதார் எழுதிய அட்டவணைகளையே சோதனைகளாக இயக்கியது. மேலதிக நேரக் கூலியைக் கணிக்கும் செய்நிரலை ஓர் எழுதுவினைஞரால் வாசிக்க முடியாதிருக்கலாம். அட்டவணையை வாசிக்க முடியும். விடுமுறை நாளில் நள்ளிரவைத் தாண்டிய வேலைக்கு நிரை இல்லையே என்று கேட்கவும் முடியும்.