வன்னிப் பூந்தோட்டமும் பருவ முறையும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கு சேர்த்து முதற்பொருள் என வகுத்தார். அகத்திணைக்கு அமைந்த இவ்வகுப்பு பூந்தோட்டம் வைப்போர்க்கும் பொருந்துவதே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னிப் பகுதிகளில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி ஈறாக வடகீழ்ப் பருவத்திலே கிடைக்கின்றது. வைகாசி முதல் வீசும் சோளகமோ, மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு ஈங்கு வறண்ட காற்றாகவே வந்து சேர்கின்றது. உழவன் காலபோகம், சிறுபோகம் என ஆண்டைப் பகுப்பது போலவே தோட்டத்தானும் பகுத்தல் வேண்டும்.

வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் இறுகும்; நனைந்தால் ஒட்டும். ஆதலின், புரட்டாதித் தூறல் மண்ணை இளக்கியவுடன் குழி தோண்டி, மேல்மண்ணோடு மக்கிய எருவும் சருகும் கலந்து நிரப்புதல் நன்று. ஐப்பசியில் நாட்டிய செவ்வரத்தை, நந்தியாவட்டைத் தடிகள் எளிதில் வேர்கொள்ளும். அடைமழையில் அடியிலே நீர் தேங்கின் வேர் அழுகும். எனவே மண்ணை அணைத்து, நீர் வடிய வழி விடுதல் வேண்டும். மழை ஓய்ந்தபின், தையில் மல்லிகையைக் கத்தரித்து எருவிட்டால், வேனிலிற் புதுத்தளிரோடு அரும்பும். ஈரம் உலருமுன் மரங்களின் அடியிலே சருகு பரப்புவதும் அப்போதே செய்யத்தக்கது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் முதலாவது காந்தள். நம்மவர் அதனைக் கார்த்திகைப்பூ என்பர். மழையோடு முளைத்துப் பூத்து, மழை நீங்கக் கொடி காய்ந்துவிடும். அது இறப்பன்று, கிழங்கின் உறக்கம். பட்டதென எண்ணித் தோண்டி எறிவோர் பலர். கிழங்கு கொடிய நஞ்சாதலால் சிறுவர் கைக்கு எட்டாதவாறு காத்தலும் கடன்.

இனி, மரக்கன்றுகளைப் பற்றி ஒன்று கூறுதல் இன்றியமையாதது. கார்த்திகையில் விழாவெடுத்து நடும் கன்றுக்கு, முதலாண்டின் கோடையே உண்மையான சோதனை. நாள்தோறும் சிறிது தெளிப்பதால் மேல்மண் மாத்திரமே நனையும். சில நாட்களுக்கொரு முறை மாலையில் ஆழ ஊற்றினால் வேர் கீழ்நோக்கிச் செல்லும். அடியிலே புதைத்த மட்பானையில் நீர் நிரப்பிக் கசியவிடுதலும், தென்மேற்கிலே கிடுகு மறைப்பு வைத்தலும் பெரிதும் உதவும். ஆயினும் ஆகஸ்டு விடுமுறையிற் பாடசாலை வாயில் அடைபட்டிருக்க, உள்ளே கன்றுகள் வாடுதல் கண்கூடு. நடுகை ஒருநாட் செயல்; பேணல் ஆண்டு முழுதும் நீள்வது. கன்று நாட்டுமுன், அடுத்த ஆடியில் அதற்கு நீரூற்றுவோர் யாரென முடிவு செய்தலே அறிவுடைமையாம்.