எழுத்துத் திரையில் சுட்டி

கணிப்பொறி என்றவுடன் வண்ணப் படங்களும் சாளரங்களும் நிறைந்த திரையே இக்காலத்தார் கண்முன் தோன்றும். படம் யாதுமின்றி எழுத்துக்களால் மட்டுமே ஆய திரையொன்றும் அப்பொறியில் இன்றுவரை வழங்கி வருகின்றது. அதனை டெர்மினல் என்பர். தமிழில் முனையம் எனக் கூறுதலும் உண்டு. எழுத்தையன்றிப் பிறிதொன்றும் அறியாத அத்திரையில், மவுஸ் எனப்படும் சுட்டியை உருட்டிச் சொடுக்கினால் அச்செய்தி எங்ஙனம் உள்ளே சென்று சேர்கின்றது என்பதே ஈண்டு யாம் விளக்கப் புகுந்த பொருள். தமிழ் பயில்வார்க்கு இஃது எற்றுக்கு என்று நண்பர் சிலர் எம்மை நகையாடினர். எற்றுக்கு என்பதை வத்தல்மலையில் கற்றோம்.

வத்தல்மலை தருமபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. மலையாளி என்னும் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். பெயர் அங்ஙனமாயினும் அவர்தம் மொழி தமிழே. சிறுதானியமும் காப்பியும் மிளகும் அங்கே விளைகின்றன. சென்ற விடுமுறையில் யாமும் தோழர் இருவரும் அம்மக்கள் வாயிலாக வேளாண்மைச் சொற்களைத் தொகுக்கச் சென்றிருந்தோம். தோழருள் ஒருவர் கணினியியல் மாணவர். தொகுத்த சொற்கள் யாவும் ஊரிலுள்ள ஒரு பொறியில் ஒரே பட்டியலாய்ச் சேரவேண்டும் என்பது எம் ஏற்பாடு. மலைமேல் எமக்குக் கிட்டிய தொலைபேசி அலையோ மெலிந்தது; கொண்டு சென்ற மடிக்கணினியோ முதுமை எய்தியது. படத்திரையை அவ்வளவு தொலைவிற்கு இழுப்பது இயலாதென்று, தோழர் எழுத்துத் திரையில் இயங்கும் சிறு நிரலொன்றை எழுதி வைத்திருந்தார். ஒரு சொடுக்கிற்கு ஆறு பைட்டு போதும் என்று அவர் பெருமிதத்துடன் கூறினார். கூறியது மெய்யே.

சுட்டி எதற்கு, விசைப்பலகையே போதாதோ எனின், போதாது. எமக்குச் சொற்களைத் தந்தவர் ஒரு மூதாட்டியார். அவருடைய பேர்த்தி பள்ளியிற் பயில்பவள். திரையிலுள்ள சொற்களை அவள் படித்துக் காட்ட, பாட்டியார் 'சரி' என்றால் விட்டுவிடுதல், 'அப்படிச் சொல்ல மாட்டோம்' என்றால் நீக்கற்குறி இடுதல், இதுவே முறை. தமிழ்99 விசைப்பலகை 1999இல் அரசினரால் ஏற்கப்பட்டதாயினும் அதனைக் கற்க அச்சிறுமிக்கு அன்று பொழுதில்லை. சுட்டியைக் காட்டிச் சொடுக்குதல் அவளுக்கு ஒரு நிமிடத்தில் கைவந்தது.

இனிப் பொருளுக்கு வருவோம். சுட்டி முதலில் மரக்கூட்டிற்குள் அமைக்கப்பட்ட கருவி. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பார் 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் அதனை ஓர் அவையின்முன் இயக்கிக் காட்டினார். எழுத்துத் திரையோ வேறு குலத்தது. 1978இல் வெளிவந்த விடி100 என்னும் கருவி, 24 வரியும் வரிக்கு 80 கட்டமும் உடையதாய், பின்வந்த முனையங்கள் பலவற்றிற்கும் மூதாதையாயிற்று. அதற்குச் சுட்டி கிடையாது. விசை தட்டினால் எழுத்து உள்ளே செல்லும், உள்ளிருந்து எழுத்து வெளிவரும், அவ்வளவே. 1984இல் தொடங்கப்பெற்ற எக்ஸ்டெர்ம் என்னும் நிரல், அம்முனையத்தைப் படத்திரையின் ஒரு சாளரத்தினுள் நடித்துக் காட்டியது. சாளரத்தில் சுட்டி உண்டு. உள்ளே ஓடும் நிரலுக்கோ எழுத்து ஓடை ஒன்றே வழி. ஆகவே சுட்டியின் செயலையும் எழுத்தாக மாற்றி அவ்வோடையிலேயே விடுவதென்று வகுத்தனர். இன்றைய முனையங்களிற் பெரும்பாலானவை எக்ஸ்டெர்ம் வகுத்த அம்மரபையே பின்பற்றுகின்றன.

மரபு இதுதான். முதலில் நிரல், 'சுட்டியின் செய்தி எனக்கு வேண்டும்' என்று முனையத்திற்கு விண்ணப்பம் செய்தல் வேண்டும். எஸ்கேப் என்னும் குறி, திறந்த சதுர அடைப்பு, வினாக்குறி, 1000 என்னும் எண், ஈற்றில் சிற்றெழுத்து 'எச்': இவை சேர்ந்ததே அவ்விண்ணப்பம். 'எச்' நின்ற இடத்தில் 'எல்' வந்தால் 'இனி வேண்டா' என்று பொருள். 1000 என்பது பொத்தானை அழுத்துதலையும் விடுதலையும் மட்டும் அறிவிக்கும். 1002 என்றால் அழுத்தியபடி இழுப்பதும், 1003 என்றால் வெறுமனே நகர்த்துவதும் சேர்ந்து வரும். எம் தோழர் ஆர்வ மிகுதியால் 1003 இட்டிருந்தார். சிறுமி சுட்டியை அசைக்குந்தோறும் கட்டத்திற்கொரு செய்தி மலையிறங்கத் தொடங்கிற்று. மெலிந்த அலை திணறியது. முதல் நாள் முற்பகல் அதிலேயே கழிந்தது.

விண்ணப்பித்தபின் ஒவ்வொரு சொடுக்கும் ஒரு தொடராய் வரும். பழைய முறையில் எஸ்கேப், சதுர அடைப்பு, பேரெழுத்து 'எம்', அதன்பின் மூன்று பைட்டுகள்: பொத்தான், நெடுவரிசை, வரி. மூன்றிலும் 32 கூட்டி அனுப்புவர். 32க்குக் கீழ்ப்பட்டவை கட்டுப்பாட்டுக் குறிகளாதலின் அவற்றைத் தவிர்க்கவே அக்கூட்டல். இடப்பொத்தான் 0, நடுப்பொத்தான் 1, வலப்பொத்தான் 2, விடுதல் 3. ஐந்தாம் வரியில் 19ஆம் கட்டத்தில் இடப்பொத்தானை அழுத்தினால் 32, 51, 37 என்னும் பைட்டுகள் வரும். இம்முறையில் இரு குறைகள் உள. பைட்டின் மேலெல்லை 255; அதில் 32 போக 223. ஆகவே 223ஆம் கட்டத்திற்கு வலப்புறம் சொடுக்கினால் சொல்ல வழியில்லை. மற்றொன்று, எப்பொத்தானை விட்டாலும் 3 என்றே வருதலால் விடப்பட்டது எது என்பது விளங்காது. எழுவாய் இல்லா வாக்கியம் போல்வது அது.

பின்வந்த 1006 என்னும் முறை இவ்விரண்டையும் தீர்த்தது. அதில் எண்கள் எண்களாகவே, அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரும், எல்லை இல்லை. ஈற்றெழுத்து பேரெழுத்து 'எம்' ஆயின் அழுத்தியது. சிற்றெழுத்து 'எம்' ஆயின் விட்டது. நன்னூல் பயின்ற எமக்கு இது பகுபதமாகவே தோன்றியது: முன்னே பகுதி, நடுவே இடம் காட்டும் உறுப்புக்கள், ஈற்றில் வினையை முடிக்கும் விகுதி. தோழர் பழைய முறையை விட்டு இதனையே கைக்கொண்டார்.

இவ்வளவும் ஒருவர் தாமே பிரித்தறிய வேண்டுவதில்லை. என்கர்சஸ் என்னும் நூலகம் அதனைச் செய்து, கட்டமும் வரியும் பொத்தானும் எடுத்துத் தரும். ஆயினும் அதன் இயல்பு சிலவற்றை அறிந்திருத்தல் நலம். முனையம் 1 முதல் எண்ணும். அந்நூலகம் 0 முதல் எண்ணும். அழுத்தலையும் விடுதலையும் ஒரு சொடுக்காகச் சேர்ப்பதற்கு அது வினாடியில் ஆறிலொரு பங்கு காத்திருக்கும்.

மற்றொரு சிக்கல் எஸ்கேப் குறியால் வருவது. விசைப்பலகையில் எஸ்கேப் விசையைத் தட்டினாலும் அதே குறிதான். சொடுக்குச் செய்தியின் முதலும் அதே குறிதான். எனவே அக்குறி வந்ததும், பின்னே ஏதும் தொடர்கின்றதா என்று நிரல் சிறிது பொறுத்துப் பார்க்கும். என்கர்சஸ் இயல்பாகப் பொறுப்பது ஒரு வினாடி. நல்ல அலையில் அது மிகை. எம் மலையில் சிலபோது அதுவும் போதவில்லை. எஸ்கேப் முன்னும் எஞ்சியவை தாமதித்துப் பின்னுமாக வந்தால், யாரோ எஸ்கேப் தட்டினார் என்று நிரல் கருதிவிடும். பின்வந்த எண்கள் தட்டெழுதியவைபோல் திரையில் விழும். எஸ்கேப் என்றால் 'செய்ததைக் கைவிடு' என்று தோழர் வைத்திருந்தமையால் சிறுமி இட்ட குறிகள் இருமுறை தாமே மறைந்தன. அவ்வேலையை வேறொரு விசைக்கு மாற்றிய பின்னரே அத்தொல்லை நீங்கிற்று.

ஆயினும் எம்மை மெய்யாகவே நடுங்கச் செய்த பிழை தமிழெழுத்தால் விளைந்தது. மாலையில் கையேட்டுடன் ஒப்பிட்டபோது, பாட்டியார் 'சரி' என்ற சொற்களுள் மூன்று நீக்கப்பட்டிருந்தன. அவர் மறுத்தவை மூன்றும் அப்படியே இருந்தன. கையேடு இல்லாதிருந்தால் பிழையான பட்டியலையே மெய்யென்று கொண்டு யாம் மலை இறங்கியிருப்போம். சிறுமி தவறினாளோ என முதலில் ஐயுற்றோம். அது எம் சிறுமை.

முனையம் அறிவிப்பது கட்டத்தையே, சொல்லையன்று. எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் தொடங்குகின்றது என்பதை நிரலே கணக்கிடல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்திற்கொரு கட்டம், கணக்கு எளிது. தமிழிலோ 'வத்தல்மலை' என்னும் பெயரையே எடுத்துக்கொள்க. நாம் எண்ணினால் 6 எழுத்து. யூனிகோடு முறையில் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனிக் குறியீடுகளாதலின் 9. குறியீட்டிற்கு மூன்றாக 27 பைட்டு. திரையில் பிடிக்கும் இடமோ 7 கட்டம். புள்ளிக்கு இடம் இல்லை, ஐகாரக் குறிக்கு ஒன்று உண்டு என்பது எம் முனையம் பின்பற்றிய கணக்கு. நான்கு வகையாக எண்ணலாம், நான்கும் வெவ்வேறு. தோழர் நிரல் இவற்றுள் குறியீடுகளை எண்ணியது. முனையம் கட்டங்களை எண்ணியது.

அன்று திரையில் 'கம்பு சோளம் கேழ்வரகு சாமை' என்று ஒரு வரி இருந்தது. முனையத்தின் கணக்கில் சாமை 19ஆம் கட்டத்தில் தொடங்கி 22இல் முடிகின்றது. புள்ளிகள் மூன்றையும் இடமாகக் கொண்ட நிரலின் கணக்கிலோ, 13 முதல் 20 வரை கேழ்வரகு; 22 முதல் 25 வரை சாமை. சிறுமி 'சா' என்னும் எழுத்தின்மேல் சரியாகவே சொடுக்கினாள். முனையமும் 19 என்று மெய்யே கூறிற்று. நிரல் அதனைக் கேழ்வரகு என்று கொண்டது. பொய் கூறியவர் ஒருவருமில்லை. பிழை மட்டும் நிகழ்ந்தது. வரியின் வலப்புறம் செல்லச் செல்லப் புள்ளிகள் பெருகி இடைவெளியும் பெருகும்.

தமிழெழுத்து ஒவ்வொன்றிற்கும் ஒரே குறியீடு தரும் டேஸ்16 என்னும் முறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடுடன் மாற்று முறையாக ஏற்றது. எழுத்தெண்ணிக்கைக்கு அது இனியது. ஆனால் உலகிலுள்ள முனையங்கள் அறிந்தது யூனிகோடே. ஆகவே வேறு வழி நாடினோம். சொல்லை அச்சிட்டவுடன், சுட்டுக்குறி எங்கே நிற்கின்றது என்று முனையத்தையே வினவ ஒரு தொடர் உண்டு: எஸ்கேப், சதுர அடைப்பு, 6, சிற்றெழுத்து 'என்'. முனையம் வரியையும் கட்டத்தையும் விடையாகத் தரும். இதுவே பிழையற்ற வழி. எனினும் ஒவ்வொரு வினாவும் மலையிறங்கி மலையேற வேண்டுமே! இறுதியில் தோழர் வரிக்கு ஒரு சொல் என்று அமைத்து, கட்டத்தை அறவே நோக்காது வரியெண்ணை மட்டும் கொண்டார். வரியில் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் வேற்றுமை இல்லை. திரை நீண்டது; பிழை ஒழிந்தது.

மேலும் இரண்டு சொல்லி முடிப்போம். நிரல் 'வேண்டா' என்று கூறாமலே இடையில் இறந்துபட்டால், முனையம் சொடுக்குகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். சொடுக்குந்தோறும் பொருளற்ற எழுத்துக்கள் திரையில் சிதறும். ரீசெட் என்னும் கட்டளையால் அது அடங்கும். சுட்டியை நிரல் கைப்பற்றியிருக்கையில் திரையிலுள்ள எழுத்தைத் தேர்ந்து படியெடுக்க வேண்டின், முனையங்கள் பலவற்றில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தல் வேண்டும்.

மறுநாட்காலை சிறுமி அரைமணி நேரத்தில் பட்டியல் முழுதையும் திருத்தி முடித்தாள். யாம் முந்தைய நாள் ஐயுற்றதை அவளிடம் கூறி வருந்தினோம். அவள் அதனைப் பொருட்படுத்தாது வேறொன்று வினவினாள்: "அண்ணா, 'கி'யைத் தாண்ட இந்தக் கோடு ரெண்டு இடம் போகுது, 'கீ'யைத் தாண்ட ஒண்ணுதானே போகுது, ஏன்?" அவள் கூறியது உண்மையே. யூனிகோடு அட்டவணையில் இகரக் குறி இடம் பிடிக்கும் வகையிலும், ஈகாரக் குறி இடம் பிடியா வகையிலும் சேர்க்கப்பட்டுள்ளன. எம் முனையம் அதன்படி எண்ணுகின்றது. குறிலுக்கு இரண்டு கட்டம், நெடிலுக்கு ஒன்று என்று நாங்கள் விளக்கினோம். பாட்டியார் சிரித்துவிட்டார். சிறுமி இறுதிவரை நம்பவில்லை.