லட்சத்தீவில் கரையிறங்கும் நேரம்

லட்சத்தீவுக்குக் கப்பலில் போய்வந்தவன் என்று தெரிந்ததும் சங்கத்து அன்பர்கள் என்னிடம் கேட்பது, "அங்கே என்னென்ன பார்க்கலாம்?" என்பதுதான். பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "கரையில் எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

நான் 38 வருஷம் ரயில் பாதைப் பராமரிப்பில் இருந்து 2019-இல் ஓய்வு பெற்றேன். எங்கள் தொழிலில் நாலு மணி நேரம் லைன் பிளாக் கொடுத்தால் நாலு மணி நேரமும் வேலை நடக்காது. ஆளும் சாமானும் போய்ச் சேர வேண்டும். முடிவில் பாதையைச் சரிபார்த்து ரயில் விட ஒப்படைக்க வேண்டும். ஆகவே ஒப்படைக்கும் மணியிலிருந்து பின்னோக்கித்தான் கணக்குப் போடுவோம். தீவில் இறங்குவதும் அதேதான்.

2020 ஜனவரியில் நானும் என் மனைவியும் ஒன்பது வயதுப் பேரனும் கொச்சியில் கப்பல் ஏறினோம். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். இரவில் கப்பல் ஓடும், பகலில் தீவு, மாலையில் மறுபடி கப்பல். காலை 8 முதல் மாலை 4 வரை கரையில் என்று அறிவிப்பு. எட்டு மணி நேரம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எங்களுக்குப் படகு கிடைத்தபோது மணி 9. கரையில் கால் வைத்தபோது 9.30. கடைசிப் படகு 4 மணிக்கு என்றால் 3.30-க்கே துறையில் இருக்க வேண்டும். மிஞ்சியது ஆறு மணி.

அதிலும் நடுப்பகலைக் கழித்துவிடுங்கள். நம் நாட்டு நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து அமைந்தது. கவரத்தி இருப்பதோ 72½ பாகைக்குச் சற்றுக் கிழக்கே. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்றால் சுமார் 40 நிமிஷ வித்தியாசம். ஜனவரியில் இன்னும் கொஞ்சம் தள்ளி, சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ 12.50 காட்டும். ஆகவே 11.30-இலிருந்து 2 மணி வரை நிழலில் இருந்து சாப்பாட்டை முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வெள்ளை மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும். தில்லி வெயில் பார்த்தவர்கள் நாம் என்ற தைரியம் அங்கே செல்லாது. கையில் நிற்பது காலையில் இரண்டு மணி நேரம், பிற்பகலில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

இந்த மூன்றரை மணியை எதற்குச் செலவிடுவது என்பதைத் தீர்மானிப்பது கடல் ஏற்றவற்றம். இந்தத் தீவுகளில் பெரும்பாலானவற்றில், மேற்குப் பக்கம் பவளத்திட்டு அணைபோல் அலையைத் தடுக்க, உள்ளே அமைதியான காயல் இருக்கிறது. குளிப்பதும், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மீன் பார்ப்பதும், கண்ணாடி அடித்தளப் படகில் போவதும் காயலில்தான். கிழக்குக் கரையில் இறங்கவே கூடாது. வற்றத்தில் காயல் மிக ஆழம் குறைந்து பவளம் காலைக் கிழிக்கும். ஏற்றத்தின் நேரம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிஷம் பின்தள்ளிப் போகும் என்பதால் முதல் தீவின் அட்டவணை மூன்றாவது தீவுக்குப் பொருந்தாது. முதல்நாள் இரவே கப்பல் சிப்பந்திகளிடம் மறுநாள் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் வற்றமாக இருந்தால் கவரத்தியில் உஜ்ரா பள்ளிவாசலின் மரச் செதுக்கு வேலையையும் மீன் காட்சிசாலையையும் முதலில் பார்த்துவிட்டு, தண்ணீரைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூச்சுக்குழாயோடு குப்புற மிதப்பவர்களுக்கு முதுகும் கெண்டைக்காலும் வெந்துபோகும். முழுக்கைப் பருத்திச் சட்டையோடு இறங்குவது நல்லது. ஊர்மக்கள் இஸ்லாமியர்கள், அடக்கமான உடையே அங்கே மரியாதையும்கூட.

இனி வயதானவர்கள் விஷயம். என் மனைவிக்கு 2018-இல் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும்போது பக்கவாட்டுக் கதவு வழியாகச் சிறு படகில் இறங்க வேண்டும். படகு அலையோடு ஏறி இறங்கும். அது மேலே வரும் கணத்தில் காலை வைக்க வேண்டும். சிப்பந்திகள் இருபுறமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். புறப்படுமுன் வீட்டில் ஒன்றரை அடி முக்காலி ஒன்றைப் போட்டு, ஒருவர் கையை மட்டும் பிடித்து ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தேன். பத்து முறை செய்தாள். அதன்பிறகுதான் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினேன். கவரத்தியில் சுலபமாக இறங்கினாள். கல்பேனியில் அலை பெரிதாக இருந்தது. கதவருகே நின்று இரண்டு படகுகள் போவதைப் பார்த்துவிட்டு, "நான் இங்கேயே இருக்கேங்க, நீங்க பையனைக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். வற்புறுத்தவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள், யார் எந்தத் தீவில் இறங்காவிட்டாலும் மனஸ்தாபமில்லை என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். படகடியில் நின்று விவாதிக்க இடமில்லை.

அவளுக்காக நான் கல்பேனியில் நன்றாகப் பார்த்துவந்து சொன்னது அந்தக் கற்குவியலைத்தான். 1847-ஆம் வருஷப் பெரும் புயல் பவளப் பாறைகளைக் கடலிலிருந்து வாரி, தீவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் கரைபோலக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. ரயில் பாதைக்கு ஜல்லி கொட்டியே காலம் கழித்தவன் நான். இப்படி ஒரே மூச்சில் கொட்டியதைப் பார்த்ததில்லை. மீன்களைவிட எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. பேரன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. மூச்சு வாங்கினாலும் ஏறலாம். அங்கே பேசுவது மலையாளமல்ல, மாலத்தீவுக்காரர்களின் மொழியான மஹல். தெரிந்த மலையாளத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

குழந்தைகளின் பையைத் திரும்பும்போது பார்த்துவிடுங்கள். பவளத்துண்டு எடுத்துவருவது 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தீவுக்குள் போக நுழைவு அனுமதிச்சீட்டு அவசியம். கப்பல்களும் திட்டங்களும் மாறிக்கொண்டே இருப்பதால் லட்சத்தீவு நிர்வாகத்தில் விசாரித்த பிறகே ஏற்பாடு செய்யுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களைத் தவிருங்கள். தில்லியிலிருந்து போக மங்களா லட்சத்தீவு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கப்பல் கிளம்பும் நாளுக்கு முதல்நாளே எர்ணாகுளம் சேரும்படி டிக்கெட் எடுங்கள். திரும்பும்போதும் கப்பல் வரும் அன்றைக்கே ரயில் வேண்டாம். ஒரு ராத்திரி கொச்சியில் தங்கிப் புறப்படலாம்.