ஏட்டிற்கு உடையார் யாவர்?

பழைய ஏடொன்றின் இறுதியில் ஒரு பெயர் காணப்படின், அப்பெயருடையாரே அவ்வேட்டிற்கு உரியவராயிருந்தார் எனத் துணிதல் பலர்க்கும் இயல்பு. அத்துணிவு பிழைபடுதலும் உண்டு. ஏடு பெயர்த்தெழுதுவோர் நூலை மட்டுமன்றி, மூல ஏட்டின் இறுதிக் குறிப்பையும் சிலபோது அவ்வாறே எழுதிவிடுவர். ஆகலின், ஒருவர் பெயர் அவர் கண்ணாலும் கண்டிராத ஓலையில் நிற்றல் கூடும்.

பேஸ்பால் மட்டைகளின் பண்டைய உடையாரைத் தேடும் அமெரிக்கர்க்கும் இவ்விடர்ப்பாடே நேர்கின்றது. 1905 இல் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரர் தம் கையொப்பத்தை மட்டைகளிற் பொறிக்க லூயிவில் நகரத்து நிறுவனமொன்றிற்கு இசைவளித்தார். அது முதல் கடையில் மட்டை வாங்கிய சிறுவன் கையிலும் புகழ்பெற்றோர் பெயர் இருந்தது. எனவே ஆராய்வோர் பெயரை விடுத்து, மட்டையின் நீளம், நிறை, தொழிற்சாலைப் பதிவேடு, பிடியிற் சுற்றிய நாடா, காலணி முள் பட்ட வடு ஆகியவற்றை நோக்குவர்.

ஏட்டிற்கும் அம்முறையே தக்கது. முதலில் எழுத்தை நோக்குக. நூலையும் குறிப்பையும் ஒரே கை எழுதியிருப்பின், குறிப்பு மூலத்திலிருந்து வந்ததாகலாம். காப்போலையிலோ மரச்சட்டத்திலோ வேறொரு கை, 'இன்னார் மகன் இன்னார் ஏடு' எனக் கீறியிருப்பின், அதுவே வலிய சான்று. 'உடையார்' என்னுஞ் சொல்லைக் கண்டு மயங்கற்க. அது முன்னாளில் ஊரதிகாரியின் பதவிப் பெயருமாம்.

அடுத்தது காலம். பிரபவ முதலிய அறுபது ஆண்டுப் பெயர்கள் சுழன்று வருவன; பிரபவ என்பது 1807, 1867, 1927 ஆகிய மூன்றினையும் குறிக்கும். கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் உடனிருப்பின், பஞ்சாங்கக் கணிதங்கொண்டு ஆண்டினைத் தெளியலாம். முஸ்லிம் பெரியார் எழுதிய குறிப்பில் ஹிஜ்ரி ஆண்டிருப்பின் இத்துணை உழைப்பு வேண்டா. பிரபவ என்பதனோடு ஹிஜ்ரி 1284 என்றிருந்தால், அது 1867 இற் பிறந்த பிரபவமே.

கல்முனை, காரைதீவு, மருதமுனை முதலிய இக்கரையூர்களில் மற்றொன்றும் கருதற்பாலது. ஈண்டுத் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடத்தும் குடி தாய்வழி வருவது. வீடு மகட்குச் சீதனமாவது. மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வது வழக்கம். ஆதலின் வீட்டோடு கிடந்த ஏட்டிலுள்ள பெயர் இன்றைய வீட்டுத்தலைவரின் முன்னோரைக் குறியாது, அவர் மனைவியின் முன்னோரைக் குறித்தல் கூடும். தந்தையிடம் வைத்தியங் கற்ற மகன் வாகட ஏட்டை மனைவியின் இல்லத்திற்குக் கொண்டுசென்றிருப்பின், நிலை மறுதலையாகும். எவ்வழி வந்தது என்பதனை அவ்வீட்டு மூதாட்டியர் சொல்லக் கேட்டே அறிதல் வேண்டும். நூலகப் பட்டியல் அதனைக் கூறாது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி இவ்வூர்களின் கரையோர வீடுகளை அழித்தது. வீடு போனவிடத்து, ஏடு எஞ்சினும் அதன் வழிமுறை கூற வீடில்லை. ஏடுகளைப் படம்பிடிப்போர், எழுத்தில்லாதனவென்று சட்டங்களையும் காப்போலைகளையும் விட்டுவிடற்க. உடையார் பெயர் அங்கே இருத்தலுங் கூடும். அவற்றையும் படம்பிடித்து, எவர் வீட்டினின்று, தாய்வழியாகவோ தந்தைவழியாகவோ வந்ததென்பதனை அருகே எழுதி வைத்தல் வேண்டும்.