மோட்டார் சைக்கிளும் மார்க்குப் பற்றும்

மக்கள் தாம் வாங்கிப் பாவிக்கும் பொருள்களிற் பெரும்பாலானவற்றின்மேல் நெடுநாட் பற்று வைப்பதில்லை. வழக்கமான மார்க்குச் சவர்க்காரம் கடையிற் கிடையாதாயின் வேறொன்றை வாங்கிச் செல்வர். அதனால் அவர் மனம் நோவதுமில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரில் ஒரு சாரார் இதற்கு விலக்காவர். தாம் ஏறிச் செல்லும் வண்டியின் மார்க்கைக் குலப்பெயர்போற் பேணுதலும், பிற மார்க்கு வண்டியோட்டுவோரை எள்ளி நகைத்தலும் அவர்பால் இயல்பாகக் காணப்படுகின்றன. இரும்பினாலும் இறப்பரினாலும் ஆன ஒரு பொருளின்மேல் இத்தகைய பற்று எங்ஙனம் தோன்றுகின்றது என்பது ஆராயத்தக்கதொரு வினா.

மோட்டார் சைக்கிள் பெருகிய இடமெல்லாம் இப்பற்றும் பெருகியிருக்கும் எனக் கருதுதல் பிழை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் வீட்டுக்கொரு வண்டியேனும் நிற்கின்றது. விடியற்காலையில் மீன்பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு செல்வதும் அதுவே. வயலுக்கு உரமூடை சுமப்பதும், பிள்ளைகளைப் பாடசாலை வாயிலில் இறக்கிவிடுவதும் அதுவே. இங்கு வண்டி வாங்குவோர் கேட்கும் கேள்விகள் மூன்று: ஒரு லீற்றர் பெற்றோலில் எவ்வளவு தூரம் ஓடும்? உதிரிப்பாகம் ஊரிற் கிடைக்குமா? விற்கப் போனால் என்ன விலை மதிப்பார்கள்? இந்தியாவின் பஜாஜ், டி.வி.எஸ்., ஹீரோ ஆகியனவும் யப்பானின் ஹொண்டா, யமஹா ஆகியனவும் இக்கேள்விகளுக்கு விடை கூறியே இவ்வூர்களில் இடம்பிடித்தன. இது கணக்கு, பற்றன்று. கணக்குப் பார்ப்பது நிற்கும் இடத்திலேதான் பற்றுத் தொடங்குகின்றது.

அவ்வாறு கணக்கை மறக்கச் செய்த வண்டிகளுள் தமிழ்நாட்டிற் பிறந்து தமிழர் நன்கறிந்தது புல்லட். அதன் மூலம் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ரோயல் என்பீல்ட் கம்பனி. 1932இலேயே அப்பெயரை ஒரு வண்டிக்கு அக்கம்பனி இட்டுவிட்டது. 1950களின் முற்பகுதியில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென 350 வகைப் புல்லட்டுகளை வாங்கலாயிற்று. அதன் பயனாக, 1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸ் என்னும் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்து சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை நிறுவப்பட்டது. முதலில் உறுப்புகள் இங்கிலாந்திலிருந்து வந்து இங்குப் பூட்டப்பட்டன. பின்னர் அனைத்தும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. 1967இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. தாய் மாய்ந்த பின்னரும் பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது மட்டுமன்று, 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆகத் தொடங்கிற்று. வரலாற்றின் இவ்விளையாட்டைப் புல்லட் ஓட்டுவோர் இன்றும் பெருமையுடன் எடுத்துரைப்பர்.

அவ்வண்டி எளிதில் வசப்படுவதன்று. அதன் ஒற்றைச் சிலிண்டர் 346 கன சென்ரிமீற்றர் கொள்வது. விட்டம் 70 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் நீளமோ 90 மில்லிமீற்றர். நீண்ட ஓட்டமும் கனத்த சுழல்சக்கரமும் உடைமையால் எஞ்சின் மெல்லவே சுழன்று, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே செவியில் விழும்படி ஒலிக்கும். அதனை இயக்குதற்கு ஒரு முறையுண்டு. கிக்கரை மெல்ல அழுத்தி, விளக்குக்கு அருகிலுள்ள அம்பியர்மானியின் முள் நடுவிடத்துக்குத் திரும்பும்வரை நோக்கியிருத்தல் வேண்டும். முள் நடுவில் நின்றதாயின் பிஸ்டன் உச்சியை அண்மிவிட்டது என்பது பொருள். பின் அமுக்கத்தைத் தளர்த்தும் சிறு நெம்பைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே தாழ்த்தி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் இடவேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பியடிக்கும்; கணுக்கால் வீங்கிப் பல நாள் நொண்டியவர் பலர். கியர் நெம்பு வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தமையின் வேறு வண்டி பழகியவர் இதில் ஏறினால் தடுமாறுவர். எண்ணெய்க் கசிவோ அதன் உடன்பிறந்த குணம்.

இக்குறைகள் பற்றுக்குத் தடையாகியிருத்தல் வேண்டுமே என்று வினவலாம். உண்மை அதற்கு மாறானது. தகப்பனிடம் மகனும், அண்ணனிடம் தம்பியும் இவ்வித்தையைப் பயின்றனர். பயின்றவன், பயிலாதவனுக்கு இல்லாததொன்று தனக்கு உண்டென உணர்ந்தான். ஞாயிறுதோறும் ஸ்பனர் பிடித்து அழுக்கான கைகள் அவ்வண்டியிற் சிறிது சிறிதாகத் தம் உழைப்பைச் சேமித்து வைத்தன. வாங்கியபோது கொடுத்த பணம் மறந்துபோகும். உழைத்த உழைப்பை எவரும் மறப்பதில்லை. மார்க்குப் பற்றின் வேர் வண்டியின் சிறப்பிலன்று, வண்டிக்காகப் பட்ட பாட்டில் உள்ளது என்பதே இவ்வரலாறு காட்டும் செய்தி.

புல்லட்டுக்கு எதிராக நின்றது மைசூரிற் செய்யப்பட்ட ஜாவா. செக்கோசிலோவாக்கியாவில் யானெச்செக் என்பவர் 1929இல் தொடங்கிய தொழிலே அதன் மூலம். அவர் பெயரின் முதலெழுத்துகளையும் வாண்டரர் என்னும் செருமானியக் கம்பனிப் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்தே ஜாவா என்றனர். சாவகத் தீவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1960களின் தொடக்கம் முதல் ஐடியல் ஜாவா கம்பனி அதனை மைசூரிற் செய்தது. 1970களில் அதன் பெயர் யெஸ்டி என மாறிற்று. 250 வகை எஞ்சின். பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஊற்றவேண்டிய இரு வீச்சு முறை. சிலிண்டர் ஒன்றாயினும் புகைக்குழாய் இரண்டு. கிக்கராகவும் கியர் நெம்பாகவும் ஒரே நெம்பு தொழிற்பட்டமை அதன் விந்தை. புல்லட்காரர் ஜாவாவின் புகையைப் பழித்தனர். ஜாவாக்காரர் புல்லட்டின் கீழ்த் தேங்கிய எண்ணெயைக் காட்டி நகைத்தனர். இருவர் வண்டியிலும் குறையுண்டு. எனினும் தன் குறையைக் குணமென்றும் பிறன் குறையைக் குற்றமென்றும் கொள்ளுதலே அங்கு வழக்காயிற்று.

இப்பகைமையின் இயல்பை விளக்க உளநூலார் ஒருவரின் சோதனை உதவும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்து ஹென்றி தாஜ்பெல் பாடசாலைச் சிறுவரை அற்பக் காரணங் காட்டி இரு குழுக்களாகப் பிரித்தார். அவற்றுளொன்று, இரு ஓவியருள் எவருடைய ஓவியத்தை விரும்பினர் என்பது. பின்பு இரு குழுவினருக்கும் பணப் பெறுமதியுள்ள புள்ளிகளைப் பங்கிடும்படி அச்சிறுவரையே பணித்தார். 1970இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. தம் குழுவுக்கு மிகுதியாகக் கிடைக்கும் பங்கீட்டைவிட, சிறிது குறைந்தாலும் மற்றக் குழுவைவிடத் தம் குழு மேலே நிற்கும் பங்கீட்டையே பலர் தெரிந்தெடுத்தனர். ஓவியத்துக்கே இவ்வாறாயின், உழைப்பும் செலவும் சேர்ந்த வண்டிக்குக் கூற வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதே கதை பெரிய அளவில் நிகழ்ந்தது. தாழ்ந்த இருக்கையும் அகன்ற கைபிடியும் முன்னே நீட்டிய கால்தாங்கியும் உடைய, நெடுந்தூரம் சாய்ந்திருந்து செல்லத்தக்க குரூசர் என்னும் வகை அங்கு வளர்ந்ததாகும். 1901இற் பிறந்த இந்தியன் மார்க்கும் 1903இல் மில்வாக்கி நகரிற் பிறந்த ஹார்லி டேவிட்சனும் அரை நூற்றாண்டு பொருதன. 1953இல் இந்தியன் வண்டியின் உற்பத்தி நின்றது. ஆயினும் அதனை வைத்திருந்தோர் ஹார்லிக்கு மாறிவிடவில்லை. உடைந்த வண்டிகளின் உறுப்புகளைத் தேடி ஒட்டியே பல்லாண்டுகள் ஓட்டினர். 1996இல் மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டபோதும் அவ்வாறே ஆயிற்று. யெஸ்டிக்கு விளம்பரமில்லை, முகவரில்லை, புதிய உதிரிப்பாகமுமில்லை. ஆயினும் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் அவ்வண்டிகள் கூட்டமாக ஒன்றுகூடிய வண்ணமே இருந்தன. கம்பனியின் சாவுக்குப் பின்னும் நின்ற இப்பற்றே கலப்பற்ற பற்று எனலாம்.

உயிரோடிருந்த கம்பனிகள் அப்பற்றை விலைப்படுத்தக் கற்றுக்கொண்டன. ஹார்லி 1969 முதல் 1981 வரை ஏ.எம்.எப். என்னும் பெருங் கம்பனியின் கையில் இருந்த காலத்தில் வண்டிகளின் தரம் தாழ்ந்து, யப்பானிய வண்டிகளிடம் சந்தையை இழந்தது. 1981இல் நிருவாகிகள் பதின்மூவர் அதனை மீட்டு வாங்கினர். 1983இல் ஓட்டுநர் சங்கமொன்றைக் கம்பனியே நிறுவிற்று. அதுகாறும் ஓட்டுவோர் தாமே கூடிய கூட்டம் அதன்பின் கம்பனியின் வரவேட்டில் ஏறியது. அவ்வாண்டிலேயே 700 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு அமெரிக்க அரசு மேலதிக தீர்வை விதித்தது. ஹார்லியைக் காத்தது அடியார் பக்தியே எனப் புகழ்வோர் இத்தீர்வையை மறந்துவிடுகின்றனர். 1994இல் தன் எஞ்சினின் ஒலியையே வணிகக் குறியாகப் பதிவுசெய்ய அக்கம்பனி விண்ணப்பித்தது. இரு பிஸ்டன்களும் சமமற்ற இடைவெளியில் வெடிப்பதால் எழும் தாளம் அது. போட்டிக் கம்பனிகள் எதிர்த்தமையின் 2000இல் விண்ணப்பம் கைவிடப்பட்டது.

இந்தியாவிலும் அக்காற்று வீசிற்று. 2000ஆம் ஆண்டளவில் மூடப்படும் நிலையிலிருந்த ரோயல் என்பீல்ட், அதனை முன்னரே வாங்கியிருந்த ஐஷர் குழுமத்தின் சித்தார்த்த லால் பொறுப்பிற் புத்துயிர் பெற்றது. கியர் நெம்பு இடக்காலுக்கு மாறிற்று. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் இயங்கிற்று. 2008க்குப் பின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நீங்கிப் புதிய எஞ்சின் வந்தது. எண்ணெய்க் கசிவு நின்றது. பழையவர்கள் ஒலி கெட்டதென்று முறையிட்டனர். அவர்கள் இழந்தது ஒலியை மட்டுமன்று. தாம் கற்ற வித்தைக்கு இருந்த தேவையை. அவ்வித்தை வேண்டாத புதியவர்கள் திரண்டு வந்தமையின் 2024–2025 நிதியாண்டில் விற்பனை பத்து இலட்சம் வண்டிகளைக் கடந்தது.

2017இல் பஜாஜ் கம்பனி தன் டொமினார் வண்டிக்காக ஒரு விளம்பரஞ் செய்தது. தலைக்கவசம் அணிந்தோர் யானைமேல் ஊர்ந்து செல்ல, டொமினார் அவரைக் கடந்து பாய்கின்றது. யானை வளர்ப்பதை விட்டுவிடுங்கள் என்பது செய்தி. எவரைக் குறித்தது என்பது எவருக்கும் விளங்கிற்று. புல்லட்காரர் சினந்து தாமும் படம் பிடித்து விடையிறுத்தனர். எள்ளப்பட்ட வண்டியின் விற்பனை குறையவில்லை. டொமினாரோ அதன் அருகே வரவில்லை. ஏச்சு, ஏசப்பட்டோரை ஒன்றுசேர்க்கும் என்பதை விளம்பரஞ் செய்தோர் எண்ணவில்லை போலும். மறு ஆண்டில் மகிந்திராவின் துணையுடன் ஜாவாப் பெயர் திரும்பி வந்தது. பெயரும் தோற்றமும் பழையன. உள்ளிருந்த எஞ்சின் நால்வீச்சு முறையினதாய் முற்றும் புதியது. இருபது ஆண்டுக்கு மேல் பழைய வண்டியைக் காத்தவர்கள் இதனைத் தம் வண்டியாக ஏற்பதா என்பதில் உடன்படவில்லை. பெயருக்கு உரிமை கம்பனிக்கு உண்டு. நினைவுக்கு உரிமை எவருக்கு என்பது சட்டத்தால் தீரும் வழக்கன்று.

இலங்கைக் கரையில் இவற்றுக்கு ஒப்பானதொன்று எதிர்பாராத வழியால் நிகழ்ந்தது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இற் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்னும் அளவும் இருந்தது. மீன் வியாபாரியும் ஆசிரியரும் அந்நான்கு லீற்றரைக் கொண்டு ஏழு நாளை ஓட்ட வேண்டியவராயினர். புதிய வண்டி வாங்கும் வழியில்லை. உதிரிப்பாக விலையோ ஏறியது. ஆகவே மெக்கானிக் கொட்டிலில் உடனிருந்து, எந்த உறுப்பு எவ்வாறு தேய்கின்றது, எதனைத் திருத்தலாம், எதனை மாற்றியே ஆகவேண்டும் என்பவற்றை ஓட்டுவோர் தாமே கற்றனர். முன்பு கணக்குக்காக வாங்கிய 100 வகைச் சிறுவண்டி, ஐந்தாண்டுப் பாட்டினால் வேறொன்றாயிற்று. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறக்கப்பட்டு, புதிய வண்டிகள் முன்னிலும் கூடிய விலையில் கடைகளில் நிறுத்தப்பட்டன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்து, பழைய வண்டியின் தாங்கிக்குப் புதுவர்ணம் பூசுவித்து, உதிர்ந்துபோன மார்க்கு எழுத்தை அதே இடத்தில் மறுபடி ஒட்டுவித்தவர்களும் உளர்.