நடை சாத்திய பிறகு கும்பகோணம்

நவக்கிரகத் தலங்களைச் சுற்ற வருகிற வேன்களுக்குக் கும்பகோணம் இரவு தங்கும் இடம். விடியற்காலையில் கிளம்பி ஒவ்வொரு தலமாக ஓடுகிறார்கள். நடுவில் கும்பேஸ்வரரையும் சாரங்கபாணியையும் சேவித்துவிடுகிறார்கள். பகல் பன்னிரண்டரை மணிவாக்கில் நடை சாத்தியதும் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே படுத்துவிடுகிறார்கள். மாலை நான்கு மணிக்கு மறுபடி நடை திறக்கும்வரை ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைப்பு. உள்ளூர்க்காரர்கள் வெளியூர் உறவினர்களுக்குச் சொல்வது இதற்கு நேர்மாறு: அந்த மூன்றரை மணி நேரத்தை மட்டும் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் கைத்தொழில்கள் நடப்பதை நின்று நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

முதலில் போக வேண்டியது சுவாமிமலை. மேற்கே சுமார் 8 கிலோமீட்டர். நகரப் பேருந்தே போகும். முருகன் கோயில் நடை சாத்தியிருந்தாலும் ஸ்தபதிகளின் பட்டறைகளில் வேலை நடந்துகொண்டிருக்கும். குங்கிலியம் கலந்த தேன்மெழுகில் முதலில் சிலையை முழுதாகச் செய்கிறார்கள். தாளப் பிரமாணத்துக்கு ஏற்ப மடித்த ஓலை நறுக்குதான் அளவுகோல். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். உதட்டுக் கோடு, நகக்கண் வரை ஒட்டிப் பிடிக்கும் அந்த வண்டல் கிடைப்பதுதான் இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதற்குப் பெரிய காரணம். மேலே இன்னும் சில சுற்று மண் பூசி, கம்பி கட்டிக் காயவைத்து, வறட்டி மூட்டிச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. பிறகு உளியும் அரமும் கொண்டு செய்கிற வேலைதான் நெடுநாள் இழுக்கும்.

வாங்குவதற்கு அவசரம் வேண்டாம். ஒரே அளவில் இரண்டு சிலைகளைப் பக்கத்தில் வைத்து விரல்களையும் பின்புறத்தையும் பாருங்கள். நல்ல ஸ்தபதி முதுகுப் பக்கத்தையும் முகத்தைப் போலவே முடித்திருப்பார். பட்டறையில் அரை மணி நேரம் நின்று பார்த்தவர், அதன் பிறகு விலையைக் கேட்டு மலைக்க மாட்டார்.

இன்னொரு மதியம் நாச்சியார்கோவிலுக்கு. அங்கே குத்துவிளக்கு. பாதம், தண்டு, தட்டு என்று தனித்தனியாக மண் அச்சில் வார்த்து, கடைசல் போட்டு, மரை திருகிச் சேர்க்கிறார்கள். மயிலாடுதுறை சாலையில் இருக்கும் திருபுவனத்தில் பட்டு. விசிறி மடிப்புதான் திருபுவனம் சேலையின் அடையாளம். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேஸ்வரர் கோயில் அதே ஊரில் இருப்பதால், சேலை எடுக்கப் போகிறவர்கள் நான்கு மணிவரை இருந்து அதையும் பார்த்துவிடலாம். சேலைக் கடைப் பைகளோடு கோயில் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறவர்களே அதிகம் என்பது வருத்தமான விஷயம்.

தாராசுரத்தைச் சுற்றுலாக்காரர்களும் அறிவார்கள். இரண்டாம் இராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேர் மண்டபத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாமல், கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் குனிந்து பாருங்கள்: நாயன்மார்கள் கதை சிறு சிறு சிற்பங்களாக ஓடுகிறது. வெளியே வந்தால் சௌராஷ்டிர நெசவாளர்களின் தெருக்கள். சாகித்திய அக்காதெமி விருது பெற்ற எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் அந்தச் சமூகத்தவர், கும்பகோணத்துக்காரர். ஜரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர்.

கும்பகோணத்துக்குள் இருக்கும் கோயில்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நாகேஸ்வரன் கோயிலுக்குப் போகச் சொல்வோம். சாரங்கபாணி கோபுரத்தின் உயரமோ கும்பேஸ்வரர் கோயிலின் கூட்டமோ அங்கே இல்லை. முற்காலச் சோழர் காலக் கோட்டச் சிற்பங்கள் இருக்கின்றன. அந்த ஆண், பெண் உருவங்களின் முகத்தில் இருக்கும் அமைதியைப் பிற்காலப் பெருங்கோயில்களில் காண்பது அரிது. சித்திரை மாதத்தில் சில நாட்கள் காலை வெயில் கருவறை வரை வந்து லிங்கத்தின் மேல் விழும். நாயக்கர் காலத்து வேலையைப் பார்க்க ராமஸ்வாமி கோயில் போதும். தூண் சிற்பங்களைப் பார்த்த பின், பிராகாரச் சுவரில் தீட்டியிருக்கும் ராமாயணத்தைப் படித்துக்கொண்டே வலம் வரலாம். சாரங்கபாணியில் கவனிக்க வேண்டியது வாசல். உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு. ஆறு மாதத்துக்கு ஒன்றுதான் திறந்திருக்கும்.

அதே சாரங்கபாணி சன்னதித் தெருவில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. ஓட்டு வீடு, திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு கட்டில். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அங்கிருந்து அவர் படித்த டவுன் ஹைஸ்கூல் வழியாகக் காவிரிக் கரையில் உள்ள அரசு கல்லூரி வரை நடந்து போனால்தான் அந்த வாழ்க்கை புரியும். உதவித்தொகையோடு சேர்ந்த அவர், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் செல்லாமல் அதை இழந்தது அந்தக் கல்லூரியில்தான். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்ததும் அங்கேதான். ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று அவரைக் கேட்டதும் இந்த ஊரில் நடந்தது. 1887-இல் அந்த நூல் சாமிநாதையரின் பதிப்பாக அச்சேறியது.

காரைக் கடைத்தெருவுக்குள் கொண்டுபோக வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து மகாமகக் குளம் நடக்கிற தூரம். குளத்திலிருந்து பெரிய கோயில்கள் எல்லாமே நடக்கிற தூரம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பகலில் சோழன் ரயில், இரவில் உழவன் ரயில். தெற்குப் பக்கம் அரசலாறு, வடக்குப் பக்கம் காவிரி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழைய ஊர். அதனால் வழி தவறினாலும் தொலைந்துபோக முடியாது.

சாப்பாட்டில் கேட்டு வாங்க வேண்டியது கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துவிட்டுச் செய்வது; இட்லிக்குத் தொட்டுக்கொள்ள. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது. முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை டபரா காபியின் பெயர்ப் பலகைகள் நெடுஞ்சாலை எங்கும் இருக்கின்றன. ஊருக்குள் அந்தக் காபியைப் பழைய ஹோட்டல்களில் அதிகாலையில் குடிக்க வேண்டும். திரும்பும்போது ஒரு கவுளி கொழுந்து வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

குடியேற நினைப்பவர்கள் வேறொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 1866-இல் நகராட்சியான ஊர், 2021-இல் மாநகராட்சியானது. தெருக்களின் அகலம் மட்டும் பழையதுதான். முகூர்த்த நாட்களில் ஜவுளிக்கும் பாத்திரத்துக்கும் சுற்று வட்டாரமே வந்து சேர்வதால் கடைத்தெருவில் நகர முடியாது. கோடையில் ஆறு வெறும் மணல். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால், ஆடிப் பதினெட்டுக்குள் படித்துறைகள் நிறைந்திருக்கும். திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் ஊரே முகம் வாடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். ஆகவே வீட்டை வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாமல் அடைமழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் மகாமகம் கடைசியாக 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல். அப்போது பல லட்சம் பேர் அந்த ஒரு குளத்தை நோக்கி வருவார்கள். நீராடுவதற்கு அந்த ஆண்டு வாருங்கள். ஊரைப் பார்ப்பதற்கு அதற்கு முன்பே, ஆடியிலோ தையிலோ, குறைந்தது மூன்று மதியங்கள் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.